பெட்ரோல் விலை ஏறட்டும் என்றிருந்தவன்

அந்தக் கோடையில் ஒஹாயோ முழுக்கத் தேடினாலும் பெட்ரோல் விலையைத் திட்டாத வாய் ஒன்று கிடைத்திருக்காது. என் தம்பி எல்டனும் எல்லாரோடும் சேர்ந்து திட்டினான். ஆனால் திட்டும்போது அவன் கண் சிரித்துக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த அக்கா நான், அதைக் கவனித்திருக்க வேண்டாமா? கண்ணை எங்கே அடகு வைத்திருந்தேனோ தெரியவில்லை.

நான் லோர்னா. ஹியூபரின் கார் கடையில் வண்டி விற்பவள். அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் முடி கறுப்பு. இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊரின் ஒரே சிக்னலுக்கு நேர் எதிரே கடை. வாசலில் ஒரு பெரிய மாட்டு மணி தொங்கும். ஒரு வண்டி விற்றால் விற்றவர் போய் அதை அடிக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டால் சிக்னலில் நிற்கிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கும். யார் வாங்கினார்கள், என்ன வாங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அடிப்பார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது.

2008-இல் அந்த மணிக்கு அதிகம் வேலையில்லை. எதிர் பங்க்கில் விலை நாலு டாலரைத் தாண்டிய அன்று, பலகையில் மாட்டுவதற்கு நாலாம் எண் போதாமல் அட்டையில் கையால் எழுதி ஒட்டினார்கள். எங்கள் கடையில் பெரிய பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியில் புல் முளைத்தது. சின்னக் கார் கேட்டு வந்தவர்கள் மட்டும் நிறையப் பேர். சின்னக் காருக்கு நாங்கள் எங்கே போவது? வண்டி கடைக்கு வருவதற்கு முன்பே விலை பேசி முடிந்துவிடும். நிறம் என்ன, உள்ளே பாட்டுப் பெட்டி உண்டா என்றெல்லாம் அந்தக் கோடையில் யாரும் கேட்கவில்லை. கொஞ்சமாகக் குடிக்குமா என்று கேட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

எல்டனுக்கு ஒரு பழைய பிக்கப். அது குடிக்கிற குடிக்கு ஒரு குடும்பத்தையே வைத்துக் காப்பாற்றலாம். ஃபோர்ட் வெய்னில் இருக்கும் சூப் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவன் மனைவி டோர்கஸ் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் மேஜை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரம் நின்றபடியே சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்கு வருவான், உட்காருவான். ஆறடி மூன்று அங்குல மனுஷன், அவன் குரலை நீங்கள் குனிந்துதான் கேட்க வேண்டும்.

அந்த வசந்தத்தில், விலை ஏற ஏற, தொழிற்சாலைக்காரர்கள் ஒரே பாதையில் வருகிறவர்களை ஜோடி சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு வண்டி எதற்கு, சேர்ந்து வாருங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் எல்டனும் ரொவீனா ஷாங்க் என்கிறவளும்தான். ரொவீனாவுக்குச் சூப் ருசி பார்க்கும் அறையில் வேலை. ஊருக்கு வடக்கே அவள் அப்பா விட்டுப்போன பண்ணை வீட்டில் தனியாக இருந்தாள். கட்டிக்கொண்டவன் அரிசோனாவுக்குப் போய் எத்தனையோ வருடம், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

எல்டன் வீடு கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு. தினமும் வடக்கே போய் ரொவீனாவை ஏற்றிக்கொண்டு, மறுபடி ஊருக்குள் வந்து, எங்கள் சிக்னலைத் தாண்டித்தான் நெடுஞ்சாலைக்குப் போவான். மிச்சம் பிடிக்கிறேன் என்று சுற்றி வளைத்து எரித்தான். பிறகு பிக்கப்பைக் கழுவினான். இருக்கையில் கிடந்த திருகுகளையும் சங்கிலிகளையும் அள்ளிப் பின்னால் போட்டான். வார நாளில் சவரம் செய்தான். சரி, வண்டியை விற்கப் போகிறான் போல என்று நினைத்தேன். கார் விற்கிறவள் புத்தி வேறெப்படிப் போகும்?

மே மாதத்தில் ரொவீனா கடைக்கு வந்து ஒரு சின்ன வண்டிக்குப் பேர் கொடுத்தாள். உங்கள் தம்பி எனக்காகத் தினமும் சுற்றி வருகிறார், காசு நீட்டினால் காது கேட்காத மாதிரி இருக்கிறார், என்னால் அவருக்கு வீண் செலவு என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. காத்திருந்த ஒரு பாதிரியாரையும் ஒரு பல் டாக்டரையும் தள்ளிவிட்டு அவள் பேரை மேலே ஏற்றினேன். பாதிரியார் மன்னிப்பார், அது அவர் தொழில்.

ஜூலையில் ஒரு சின்ன நீலக் கார் வந்து இறங்கியது. லாரியிலிருந்து அது முழுதாக இறங்குவதற்குள் ரொவீனாவுக்குப் போன் போட்டேன். அதற்குள்ளாகவா என்று கேட்டாள். பிறகு, எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் போய் மணியை அடித்தேன், சிக்னலில் ஒரு டிராக்டர்காரன் மட்டும் பதிலுக்கு அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்டன் சாப்பிட வந்தபோது பெருமையாகச் சொன்னேன். மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்திருந்தேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்போ இனிமே அவங்க தனியாவே போயிடுவாங்க," என்றான்.

"ஆமாடா, உனக்கும் தொல்லை விட்டுது."

"நல்லது," என்றான். எழுந்து போய்த் தட்டைக் கழுவினான். மேஜையில் நான் சுட்ட செர்ரிப் பை இருந்தது, பழம் உள்ளே வைத்துச் சுடுகிற பலகாரம், அவனுக்கு உயிர். அதைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

எல்டன் பை சாப்பிடாமல் போனது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, டோர்கஸை அடக்கம் செய்த அன்று. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சவரமும் கழுவின வண்டியும் சிரிக்கிற கண்ணும் ஒன்றாக வந்து நின்றன. இந்த நாட்டில் பெட்ரோல் விலை இன்னும் ஏறட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரே மனுஷன் என் தம்பிதான். விலை இப்படி இருக்கிறவரைதான் ரொவீனா பக்கத்து இருக்கையில் இருப்பாள். அவனாக வாயைத் திறந்து, என்னோடு வாருங்கள் என்று கேட்கப் போகிறவன் இல்லை. நான் என்ன செய்திருக்கிறேன்? என் தம்பி வாய்க்குப் போன கவளத்தை நானே தட்டிவிட்டு மணியும் அடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போனை எடுத்து, வண்டி வேறு யாருக்கோ போய்விட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

காரை எடுக்க ரொவீனா எல்டனின் பிக்கப்பில்தான் வந்தாள். அவனே கூட்டிக்கொண்டு வந்தான், பாவி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி தன் வண்டி ஓரமாக நின்றான். ரொவீனா நீலக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கண்ணாடி வழியே எல்டனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லோர்னா, இது கையால கியர் போடுற வண்டியா? எனக்கு ஓட்டத் தெரியாதே."

எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியில் கிளட்ச் இருக்கிறது என்பதை நான் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. அந்தக் கோடையில் பண்ணின அவசரத்தில் அதெல்லாம் யாருக்கு நினைவு? எங்கள் ஊர் வண்டிகளில் கியர் தானாகவே மாறிக்கொள்ளும், பாதிப் பேருக்கு, கார் ஓட்டும்போது இடது கால் எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. முதலாளி ஹியூபர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை தெரிந்தது, போய்க்கொண்டிருந்தது.

"நான் ஓட்டுறேன்," என்றான் எல்டன். அவன் குரலை அத்தனை தெளிவாக நான் கேட்டதே இல்லை. பிறகு அவனே பயந்துபோய், "நீங்க பழகிக்கிற வரைக்கும் மட்டும்," என்று சேர்த்துக்கொண்டான்.

இப்படியாக ஒரு புது ஏற்பாடு ஆரம்பமானது. எல்டன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வடக்கே போவான். அதை அவள் வாசலில் நிறுத்திவிட்டு, நீலக் காரில் தன்னை நாலாக மடித்து ஏற்றிக்கொண்டு, ரொவீனாவைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக்கொண்டு வருவான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நிற்கும். காரின் ஒரு சாவி அவனிடமே இருந்தது. மிச்சம் என்ன என்று நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இரண்டு வண்டி வைத்துக்கொண்ட ஜோடி உலகத்திலேயே அவர்கள்தான்.

சனிக்கிழமைகளில் லுத்தரன் சர்ச்சின் காலி மைதானத்தில் அவளுக்குப் பழக்கினான். போய்ப் பார்த்தேன். வண்டி தவளை மாதிரி எகிறும், செத்துப்போகும். எகிறும், செத்துப்போகும். எல்டன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மெதுவாக விடுங்கள், ஒன்றும் அவசரமில்லை என்று அவன் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. ஆகஸ்ட் முடிந்தது, அவள் இன்னும் மைதானத்தைத் தாண்டவில்லை. சரியான மண்டூகமாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்டன் என் வீட்டில் பை இரண்டு துண்டு சாப்பிட்டான். அதனால் மண்டூகமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் அவள் வண்டிக்கு நம்பர் பலகை வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், கொடுத்துவிட்டு வரலாமென்று அவள் பண்ணைக்குப் போனேன். வீட்டில் யாருமில்லை. வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். சோளக்காட்டுக்கு நடுவே வரும் சரளைப் பாதையில் அந்த நீலக் கார் வந்தது. தனியாக ரொவீனா. வளைவில் கியரை இறக்கின சத்தம் வெண்ணெயாக இருந்தது. வந்த வேகத்தில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி, தானிய வண்டிக்கும் எரிவாயுத் தொட்டிக்கும் இருக்கிற சந்தில், பின்னோக்கி, ஒரே முயற்சியில், கொட்டகைக்குள் விட்டாள். என் வேலையே அதுதான், எனக்கு அது மூன்று தடவை எடுக்கும்.

இறங்கியவள் என்னைப் பார்த்தாள். அவள் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"பதினாலு வயசுல இருந்து எங்கப்பாவோட தானிய லாரிய ஓட்டினவ நான்," என்றாள். மறைத்துப் பேச அவளுக்கு வரவில்லை.

"பின்ன எதுக்கும்மா அந்த நாடகம்?"

பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தாள். வண்டிக்கு மே மாதம் பேர் கொடுத்தபோது, தன்னால் அவருக்குச் செலவு என்பது ஒன்றுதான் மனசில் இருந்ததாம். ஜூலையில் நான் போன் பண்ணுவதற்குள் எல்லாம் மாறிப்போய்விட்டது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பேனே, என்ன சொல்வது? அதனால் எடுத்துக்கொண்டாள்.

"வண்டில உக்காந்து பாக்குறேன், அவர் தொப்பியக் கைல வச்சிக்கிட்டு நிக்கிறார். என்னால அந்த முகத்தப் பாக்க முடியல. கீழ பாத்தா கிளட்ச் இருந்துச்சு. வாயில வந்தத சொல்லிட்டேன்." கையிலிருந்த சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "தப்புதான். ஆனா அந்த ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர, எனக்கு நாள்ல அதுதான் இருக்கு. நீங்க சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஹியூபர் முன்னால் என்னை வியர்க்க வைத்தவள். ஆனால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்த வெந்நீர்ப் பாத்திரமும் அத்தனை நாள் சூடு ஆறாமல் இருந்ததில்லை, அந்த ரகசியம் எனக்குள் அப்படி இருந்தது.

பிறகு பெட்ரோல் இறங்கியது. ஏறினதைவிட வேகமாக இறங்கியது. அக்டோபரில் மூன்று, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகைக்குள் இரண்டுக்கும் கீழே. அட்டையில் எழுதின நாலு குப்பைக்குப் போனது. பெட்ரோலோடு சேர்ந்து மற்றதும் இறங்கிவிட்டது. கடைக்கு ஆளே வரவில்லை, சின்னதும் வேண்டாம் பெரியதும் வேண்டாம் என்றாகிவிட்டது. மணியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து போகும். சூப் மட்டும் நன்றாக விற்றது. தொழிற்சாலையில் சேர்ந்து வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து, பழையபடி அவரவர் வண்டியில் தனியாக வர ஆரம்பித்தார்கள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் எல்டன் கடைக்கு வந்தான். அவன்மேல் சூப்பில் போடுகிற செலரித் தண்டின் வாசனை அடித்தது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான். எதிர் பங்க் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு எழுபது," என்றான். "இனிமே என்ன சொல்லிட்டு அவங்ககூடப் போறது அக்கா?"

அந்த ஒரு வரியை என்னிடம் சொல்ல அவனுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. ரொவீனா சொன்னதை அப்படியே கொட்டிவிடப் பார்த்தேன். சத்தியம் குறுக்கே நின்றது.

"அவளுக்குத்தான் கியர் ஓட்டத் தெரியாதே. நீதான் ஓட்டணும்," என்றேன், பூசி மெழுகி.

"தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியும். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. நான் கியர் மாத்துறப்போ எல்லாம் பக்கத்து சீட்டுல அவங்க இடது கால் கீழ மிதிக்குது. இல்லாத கிளட்ச்ச மிதிக்குது. நான் மிதிக்கிறதுக்கு முன்னாடியே மிதிக்கும், அவ்வளவு பழக்கம்."

மடையன் என்று நான் நினைத்தவன் ஐந்து மாதமாக அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை சனிக்கிழமை, மெதுவாக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பின்ன ஏன்டா வாயத் தொறக்கல?"

தொப்பியைச் சுற்றினான். "பாவம்னு பண்றாங்களோன்னு தோணுது. பெண்டாட்டி செத்தவன், நின்னுக்கிட்டே சாப்பிடுறவன், கொஞ்ச நாள் கூட வந்துட்டுப் போவோம்னு. அப்படி இருந்தா, கேட்டா அது முடிஞ்சிடும். கேக்காம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ல?"

அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவனை ஓர் அறை விடவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. சத்தியத்தை உடைக்காமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன்.

"டேய், பாவம் பாக்கிறவ ஒரு டப்பா குக்கீ குடுத்துட்டுப் போயிடுவா. மாசக்கணக்கா ஊருக்கு நடுவுல தன்னை மண்டூகம்னு காட்டிக்கிட மாட்டா. நாளைக்குச் சாவிய அவ கைல குடு. குடுத்துட்டுப் பக்கத்துல உக்காரு. மிச்சத்த அப்புறம் பேசு."

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனான். அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் தப்பாகக் கணித்திருந்தால்? அவள் வழிப்பேச்சுக்கு ஆள் வேண்டுமென்று மட்டும் இருந்திருந்தால்? அப்புறம் அவனை எந்த மேஜையில் கொண்டுவந்து உட்கார வைப்பேன்?

காலையில் பனி கொட்டியிருந்தது. கடை திறக்கும் முன் எல்லா வண்டிகளின் மேலும் பனியைத் தள்ளிவிட வேண்டும், விற்கிறதோ இல்லையோ. நீளத் துடைப்பத்தோடு பிக்கப் வரிசையில் நின்றேன். விடிந்தும் விடியாத நேரம். வடக்கிலிருந்து நீலக் கார் வந்தது. ஓட்டுகிற இடத்தில் ரொவீனா. பக்கத்தில் எல்டன், முழங்கால் மோவாயைத் தொட. சிவப்பு விளக்குக்கு, வழுக்குகிற பனியில், அலுங்காமல் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட பஸ்.

அந்தக் காருக்குள் நடந்ததை ரொவீனாவே பிற்பாடு எனக்குச் சொன்னாள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவியை அவள் கையில் வைத்துவிட்டு அவன் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். மாட்டிக்கொண்டோம், இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறாள். சிக்னலில் நிற்கும்போது எல்டன் எதிர் பங்க் பலகையைப் பார்த்தானாம். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னானாம்:

"பெட்ரோல் சும்மா குடுத்தாக்கூட நான் உங்ககூடத்தான் வரணும்னு இருக்கேன். உங்களுக்கு இஷ்டம்னா."

பச்சை விழுந்தது. நீலக் கார் ஒரு எகிறு எகிறியது. இன்னொரு எகிறு. செத்துப்போனது. பதினாலு வயதிலிருந்து தானிய லாரி ஓட்டினவள் நடுச் சிக்னலில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மைதானத்தில் அத்தனை சனிக்கிழமை நின்றதெல்லாம் நடிப்பு. இது ஒன்றுதான் நிஜமாக நின்றது.

நான் பார்த்தது அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைத்தான். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு எல்டனின் பெரிய கை மெதுவாக வந்து அவள் தலைமேல் பட்டது. ரொவீனா அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பச்சை போய் மறுபடி சிவப்பு வந்தது. பால் வண்டிக்காரன் எரிச்சலாக ஒரு ஹாரன் அடித்தான். எனக்கு வந்ததே கோபம். துடைப்பத்தைப் பனியில் வீசிவிட்டு, வாசலுக்கு ஓடி, அந்த மாட்டு மணியின் கயிற்றைப் பிடித்து, கை வலிக்க வலிக்க அடித்தேன். உறைந்து கிடந்த பனி மணியிலிருந்து என் தலையில் கொட்டியது. அடித்துக்கொண்டே இருந்தேன்.

பால் வண்டிக்காரன் மணியைக் கேட்டான். எங்கள் ஊர்க்காரன்தானே. எரிச்சல் ஹாரனை விட்டுவிட்டு, நீளமாக, சந்தோஷமாக ஒரு ஹாரன் அடித்தான். பள்ளிக்கூட பஸ் அடித்தது. தெற்கிலிருந்து வந்து நின்ற வண்டிகளும் அடித்தன. நடுவில் நீலக் கார் அசையாமல் நின்றது.

ஹியூபர் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தார். ஆறு வாரமாக அந்த மணிச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடந்த மனுஷன்.

"வித்துட்டியா லோர்னா? எது, பெரிய பிக்கப்பா?"

"இல்லீங்க," என்றேன். மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டேன். "ஜூலையில வித்தது. இன்னிக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு."